ஏட்டின் ஓரத்தில் ஒரு ஜெபம்!

பைபிளில் எழுதி, படம் வரைந்து ஜெபிக்கும் வழக்கம்: பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு சிந்தனை

பழவேற்காடு ஏரியில் இன்னும் பொழுது விடியவில்லை.

வலையை ஏற்றிக்கொண்டு படகு போய்விட்டது. படகில் போனவனுக்கு வேலை இருக்கிறது. கரையில் இருப்பவளுக்கு? தூக்கம் போய்விட்டது. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலும் நெஞ்சு படபடக்கிறது.

அவள் என்ன செய்வாள்?

விளக்கை ஏற்றுவாள். அம்மனை வேண்டிக்கொள்வாள். கிறிஸ்தவப் பெண்ணாக இருந்தால் மாதாவை நினைத்து நெற்றியில் சிலுவை போடுவாள். முஸ்லிம் பெண்ணாக இருந்தால் "அல்லாவே, காப்பாற்று" என்பாள். பழவேற்காட்டில் மூன்று மதத்தாரும் உண்டு. மூவருக்கும் காற்று ஒன்றுதான். கவலையும் ஒன்றுதான்.

சில கவலைகளை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மாமியார் காதில் விழும். பிள்ளைகள் பயப்படும். மனதிலேயே வைத்திருந்தால் பாரம் ஏறும்.

அதை எழுதினால் என்ன?

ஜெபத்தை வாயால் சொல்லாமல் கையால் எழுதினால்? எழுத வராவிட்டால் ஒரு சின்னப் படகை வரைந்தால்? அதுவும் ஜெபம் ஆகுமா?

"ஆகும்" என்கிறார்கள், உலகத்தில் பல நாட்டுக் கிறிஸ்தவர்கள்.

அகலமான ஓரம்

பைபிளைப் படித்துக்கொண்டே அதன் ஓரத்தில் எழுதுவதும், படம் வரைவதும், வர்ணம் தீட்டுவதும் இந்த நூற்றாண்டில் பரவிய ஒரு வழக்கம். அமெரிக்காவில் இதற்கென்றே ஓரம் அகலமாக விட்டு பைபிள் அச்சிடுகிறார்கள். 2006-ம் ஆண்டிலேயே அப்படி ஒரு பதிப்பு வந்துவிட்டது.

செய்முறை சுலபம். ஒரு பகுதியைப் படிக்கவேண்டும். மனதைத் தொட்ட இடத்தில் நிறுத்தவேண்டும். அந்த இடம் உங்களிடம் என்ன சொல்கிறது, அதற்கு நீங்கள் கடவுளிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்பதை ஓரத்தில் எழுதவேண்டும். எழுத்து வேண்டாம் என்றால் ஒரு படம். கீழே தேதி.

அவ்வளவுதான்!

வேதத்தில் கிறுக்கலாமா?

இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

"சாதாரணப் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வேதப் புத்தகத்தில் போய்க் கிறுக்குவதா?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் உள்ள பழைய பைபிளைத் திறந்தால் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் பிறந்த தேதி இருக்கும். கல்யாணத் தேதி இருக்கும். தாத்தா இறந்த நாள் இருக்கும். அந்த வீட்டின் சந்தோஷமும் துக்கமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதை யாரும் கிறுக்கல் என்று சொல்வதில்லை.

இன்னொரு உதாரணம், ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக். (முழுப் பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். காலம் 1685 முதல் 1750 வரை.) அவரிடம் விளக்க உரையுடன் கூடிய 3 தொகுதி பைபிள் இருந்தது. அதில் தன் பெயரையும் 1733 என்ற ஆண்டையும் எழுதி வைத்தார். படிக்கப் படிக்கக் கோடு போட்டார். அச்சுப் பிழைகளைத் திருத்தினார். ஓரத்தில் தன் எண்ணங்களை எழுதினார்.

ஆலயத்தில் பாடகர்கள் ஒரே குரலாகப் பாடியபோது கடவுளின் மகிமை இறங்கியது என்று பைபிளில் ஒரு பகுதி வருகிறது. அதன் ஓரத்தில், பக்தியோடு பாடும் இடத்தில் கடவுள் எப்போதும் அருளோடு இருக்கிறார் என்ற கருத்தை எழுதினார் பாக். அவர் வேலை இசை. அதனால் அந்த இடம் அவர் மனதைத் தொட்டது!

அந்தப் பைபிள் கண்ணில் படாமலே கிடந்தது. 1934-ல் அமெரிக்காவில் ஒரு வீட்டில் அகப்பட்டது. இன்று செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வேதக் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. அதன் மதிப்புக்குக் காரணமே அந்த ஓரத்துக் கையெழுத்துதான்.

அதற்கும் முன்னால், சுமார் 1330-1340-ல், இங்கிலாந்தில் ஒரு பிரபுவுக்காகச் சங்கீதப் புத்தகம் ஒன்று கையால் எழுதப்பட்டது. லட்ரெல் சங்கீதப் புத்தகம் என்று பெயர். அதன் ஓரத்தில் என்ன வரைந்திருக்கிறார்கள் தெரியுமா? ஏர் உழுகிறவன், விதை விதைக்கிறவன், கதிர் அறுக்கிற பெண்கள்!

வேதத்தின் நடுவில் கடவுளின் சொல். ஓரத்தில் உழைக்கிறவனின் வாழ்க்கை. இரண்டும் ஒரே ஏட்டில்!

நமக்குப் புதிதா?

எழுதி வேண்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

நம் பாட்டிமார்கள் நோட்டுப் புத்தகத்தில் "ஸ்ரீராமஜெயம்" எழுதுகிறார்கள். லட்சம் முறை, கோடி முறை என்று எண்ணி எழுதுகிறார்கள். அது கைவேலையா? இல்லை. ஜெபம்!

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்களே, அதுவும் படமாகப் போட்ட வேண்டுதல்தான்.

கடிதம் எழுதினால் முதலில் பிள்ளையார் சுழி. முஸ்லிம்கள் இறைவன் பெயரோடு தொடங்குவார்கள். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். மார்க்க நூல்கள் பல அந்த எழுத்தில் உண்டு.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோவிலைப் பார்க்கவேண்டும். செம்புரைக் கல்லில் கட்டிய பழைய கோவில். ராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கி இருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவனும் கதையைக் கண்ணால் படிக்கலாம்!

அந்த ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி பின்னுகிறார்கள். அதே பனை ஓலைதான் ஒரு காலத்தில் தமிழனுக்குக் காகிதம். தமிழ்க் கிறிஸ்தவர்களின் எழுத்தும் ஓலையில் தொடங்கியதுதான்.

சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அச்சு எந்திரம் வருவதற்கு முன் கிறிஸ்தவ நூல்களை ஆட்களை வைத்து ஓலையில் எழுதச் செய்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1715-ல் அச்சாகி முடிந்தது.

ஏரிக்கரையில் தஞ்சம்

இப்போது பழவேற்காட்டுக்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1515-ல் இங்கே மாதாகோவில் தொடங்கியது என்கிறது கோவில் வரலாறு. அதுதான் இன்றைய மகிமை மாதா திருத்தலம். பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன!

1746-ம் ஆண்டு. பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. அப்போது சென்னையில் இருந்த பாதிரியார் ஒருவர் கோவிலை இழந்தார். வீட்டை இழந்தார். எங்கே போவது? வடக்கே நடந்தார். டச்சுக்காரர்களின் பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார்.

அவர் பெயர் பப்ரீஷியஸ்.

1749-ல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பப்ரீஷியஸ் திரும்பினார். வேப்பேரியில் தங்கினார். தமிழ் பைபிளைத் திருத்தி எழுதுவதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஒரு வரி எழுதுவார். அதைத் தமிழர்களிடம் படித்துக் காட்டுவார். புரிகிறதா என்று கேட்பார். புரியவில்லை என்றால் மாற்றி எழுதுவார். இப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். முழங்காலில் நின்று ஜெபித்தபடியே ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுத்தார் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள்.

அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வேப்பேரியில் அச்சாகியது. பழைய ஏற்பாடு பின்னர் பகுதி பகுதியாக வந்தது. 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றையும் வெளியிட்டார். 1791-ல் சென்னையிலேயே மறைந்தார்.

வீடு போனது. கோவில் போனது. பேனா போகவில்லை. எழுதுவதே அவருக்கு ஜெபமாக இருந்தது!

பேர் கடல், உண்மையில் ஏரி

பழவேற்காட்டு மீனவன் பைபிளைத் திறந்தால் அவனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அதில் அவன் கதை இருக்கிறது!

ஏசுநாதர் நடமாடிய இடம் கலிலேயாக் கடல். பேர்தான் கடல். உண்மையில் அது நல்ல தண்ணீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோ மீட்டர். அகலம் சுமார் 13 கிலோ மீட்டர்.

பழவேற்காடு? பேர் ஏரி. தண்ணீரோ உப்பு! நீளம் சுமார் 60 கிலோ மீட்டர். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான்.

அங்கேயும் வலை. இங்கேயும் வலை. அங்கேயும் திடீர்க் காற்று. இங்கேயும் புயல்.

இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படாமல் வலையை அலசிக்கொண்டிருந்த பேதுருவின் கதையை பைபிளில் படிக்கிறோம். நகரத்துக்காரனுக்கு அது கதை. பழவேற்காட்டுக்காரனுக்கு அது போன வாரம் நடந்த சங்கதி!

1986-ம் ஆண்டில் கலிலேயாவில் மழை இல்லாமல் ஏரி வற்றியது. அப்போது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் ஒரு பழைய படகைக் கண்டார்கள். நீளம் சுமார் 8 மீட்டர். ஆராய்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது என்று தெரிந்தது. ஏசுநாதர் காலத்துப் படகு!

அதைக் கவனித்தால் ஓர் உண்மை தெரியும். பலவகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து ஒட்டுப்போட்டு ஓட்டி இருக்கிறார்கள். அந்தக் காலத்து மீனவனும் ஏழைதான்!

பாடு என்றால் என்ன?

பழவேற்காட்டுக் குப்பங்களில் "பாடு" என்று ஒரு சொல் உண்டு.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது? ஆளுக்கு ஆள் சண்டை வரக்கூடாது அல்லவா? அதற்காக முன்னோர் வகுத்த முறைதான் பாடு. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இந்தப் பாட்டு முறைக்குப் பேர்போனவை. நடுவூர் மாதாகுப்பத்தின் பெயரிலேயே மாதா இருக்கிறாள்!

நல்ல பாடு கிடைத்தால் இறாலும் நண்டும் மடவையும் கூடை நிறையும். கிடைக்காவிட்டால் அடுத்த முறைவரை கடன்தான்.

மாதாகோவிலுக்குள் போனால் அதே சொல்லுக்கு வேறு பொருள். "ஏசுவின் பாடுகள்" என்றால் அவர் சிலுவையில் பட்ட துன்பம்.

கரையில் பாடு என்றால் பிழைப்பு. கோவிலில் பாடு என்றால் துன்பம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்!

சிலுவைக் கதையைப் படிக்கும் மீனவப் பெண் ஒருத்தி, அதன் ஓரத்தில் ஒரு வலையை வரைந்து, "ஆண்டவரே, எங்கள் பாட்டையும் பாரும்" என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பண்டிதரின் விளக்க உரைக்கு அது குறைந்ததா?

எப்படிச் செய்வது?

ஆசை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை.

பைபிள் தாள் மெல்லியது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறும். பென்சிலே நல்லது. கலர் பென்சிலும் போதும். எழுதும் தாளுக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் உப்புக்காற்று. மை கலங்கும். பென்சில் எழுத்து ஈரம் பட்டாலும் கரையாது. புத்தகத்தைத் துணியில் சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

வேதப் புத்தகத்தில் எழுத மனம் வரவில்லையா? வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கத்தில் நீங்கள் படித்த பகுதியை எழுதுங்கள். வலது பக்கத்தில் உங்கள் ஜெபத்தை எழுதுங்கள். மரியாதைக்கு மரியாதை! ஜெபத்துக்கு ஜெபம்!

நீளமாக எழுதவேண்டும் என்பதில்லை. ஒரு வரி போதும். தேதி மட்டும் கட்டாயம் போடுங்கள். ஏன் தெரியுமா? ஓர் ஆண்டு கழித்துப் புரட்டும்போதுதான் அதன் அருமை தெரியும். அன்று மலைபோலத் தெரிந்த கவலை, இன்று எங்கே போனது என்று நமக்கே வியப்பாக இருக்கும். சில கவலைகள் தீராமலும் இருக்கும். அதையும் மறைக்கவேண்டாம். "இன்னும் காத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள்.

மற்ற மதத்தாரும் தங்கள் வழியில் இதைச் செய்யலாம். தேவாரமோ, திருக்குறளோ, எதைப் படித்தாலும் மனதில் பட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.

எழுத்து வராதவர்கள்?

"எனக்குக் கைநாட்டுதான்" என்று சொல்லும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கவேண்டியது இல்லை.

பேத்தி படிக்கட்டும். பாட்டி கேட்கட்டும். கேட்டு முடித்ததும் பாட்டி ஒரு மீன் வரையட்டும். கோணலாக இருந்தால் என்ன? கடவுள் ஓவியப்போட்டி நடத்தவில்லை!

மீன் படம் சாமானியமானதும் அல்ல. ஆதிகாலத்துக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியில் பூமிக்கு அடியில் இருந்த கல்லறைச் சுவர்களில் மீனைத்தான் தங்கள் அடையாளமாக வரைந்தார்கள்.

படத்துக்குக் கீழே பேத்தி ஒரு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். முதலில் "மீ". பிறகு "ன்". தன் ஜெபத்தைத் தானே எழுதவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் எழுத்து தானாக வரும். பரீட்சைக்குப் படிப்பதைவிட அது பலமான ஆசை!

இரண்டு எச்சரிக்கை

ஒன்று: இது ஊருக்குக் காட்டும் காரியம் அல்ல. வெளிநாடுகளில் சிலர் பக்கத்தை அழகு அழகாக அலங்கரித்துப் படம் பிடித்து உலகுக்கே காட்டுகிறார்கள். விலை உயர்ந்த பேனாக்களையும் ஒட்டுப் படங்களையும் வாங்கிக் குவிக்கிறார்கள். அழகு தப்பில்லை. ஆனால் படம் நன்றாக வந்ததா என்ற கவலை வந்தால் ஜெபம் போய்விடும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவர் ஏசுநாதர். நோட்டுக்கும் அதே கதவுதான்.

குடும்பத்தாரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மனைவி எழுதியதைக் கணவன் கேட்காமல் பிரிக்கக்கூடாது. மகள் எழுதியதைத் தாய் திருடிப் படிக்கக்கூடாது. அது அவளுக்கும் கடவுளுக்கும் உள்ள பேச்சு.

இரண்டு: ஜெபம் எழுதினால் எல்லாம் முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

பழவேற்காட்டு மக்களுக்கு ஒரு பெரிய கவலை, முகத்துவாரம். ஏரியும் கடலும் சேரும் வாய் அது. மணல் வந்து அதை மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது. மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஏரிக்கு வரும் வழி அடைபடும். படகும் கடலுக்குப் போகமுடியாது. அடுப்பு அணைந்துவிடும்.

ஓரத்தில் எழுதிய ஜெபம் மணலைத் தோண்டாது. அதற்கு மனு எழுதவேண்டும். அதிகாரிகளைப் பார்க்கவேண்டும். ஊர் ஒன்றுசேர்ந்து கேட்கவேண்டும்.

ஆனால் ஒன்று! தன் மனதில் இருப்பதை எழுதப் பழகிய கை, மனுவையும் எழுதும். "எனக்கு இன்ன குறை" என்று கடவுளிடம் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள், கலெக்டரிடமும் தெளிவாகச் சொல்வாள். யாரோ எழுதிக்கொடுத்த காகிதத்தில் கைநாட்டு வைக்கமாட்டாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்!

கரையில் நெருப்பு

பைபிளில் ஒரு காட்சி. ஏசுநாதர் உயிர்த்தெழுந்த பிறகு நடந்தது. சீடர்கள் இரவெல்லாம் வலை வீசினார்கள். ஒன்றும் இல்லை. விடியும் நேரம். கரையில் யாரோ நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை போட்டார்கள். 153 பெரிய மீன்கள்! எண்ணி எழுதி இருக்கிறார்கள், பாருங்கள். மீனவன்தான் அப்படி எண்ணுவான்!

கரைக்கு வந்தால் கரி நெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன் வேகிறது. ரொட்டி இருக்கிறது. "வந்து சாப்பிடுங்கள்" என்று கூப்பிடுகிறார் ஏசுநாதர்.

இரவெல்லாம் குளிரில் நனைந்து வருகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

பழவேற்காட்டில் இப்போது கிழக்கு வெளுக்கிறது. தூரத்தில் ஒரு புள்ளி. அது பெரிதாகிறது. படகு!

கரையில் இருந்தவள் அடுப்பை மூட்டுகிறாள். அதற்குமுன் ஒரு காரியம் செய்கிறாள். பென்சிலை எடுத்து, ராத்திரி வரைந்த சின்னப் படகுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதுகிறாள்.

"வந்துவிட்டார்."